பெட்டியைக் கழற்றிய பிறகு

கூட்டில் பொருத்தாத வெறும் ஸ்பீக்கர் ஒன்றை ஆம்ப்ளிஃபயரில் இணைத்துக் கச்சேரி ஒன்றைப் போட்டால் பாடகரின் குரல் கேட்கும், மிருதங்கத்தின் வலந்தலையும் கேட்கும். தாழ்ந்த ஒலி தரும் அதன் இடப்பக்கம், தொப்பி, மட்டும் காணாமல் போயிருக்கும். ஸ்பீக்கரின் அளவுக்கு ஓட்டை வெட்டிய ப்ளைவுட் பலகையை அதன் முகத்தோடு சேர்த்துப் பிடித்தால் தொப்பி திரும்பி வரும். காரணம் எளிது. காகிதக் கூம்பு முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, அதே கணத்தில் பின்பக்கக் காற்று விரிகிறது. நேரெதிரான இந்த இரண்டு அலைகளும் விளிம்பைச் சுற்றி வந்து சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தாழ்ந்த ஒலிகளின் அலைநீளம் பெரிது என்பதால் அழிவும் அங்கேதான் அதிகம். பலகை செய்வதெல்லாம், பின் அலை முன்னுக்கு வரும் வழியைச் சற்று நீளமாக்குவதுதான்.

முதுகை மூடாமல் இந்தப் பலகையோடு நிறுத்திக்கொண்டால் அது ஓப்பன் பாஃபிள். மூடிப் பெட்டியாக்கிவிட்டால் அழிவுத் தொல்லையே இல்லை. கடைகளில் விற்கும் ஒலிபெருக்கிகளில் மிகப் பெரும்பாலானவை பெட்டிகள்தாம். ஆனாலும் வீட்டில் சொந்தமாக ஒலிபெருக்கி செய்பவர்களில் ஒரு கூட்டம் திரும்பத் திரும்பப் பலகைக்கே போகிறது. செய்வது சுலபம், செலவு குறைவு, பெட்டியின் ஓசை கலக்காது என்று அவர்கள் காரணம் சொல்வார்கள். முதலாவது பாதி உண்மை. இரண்டாவது பெரும்பாலும் பொய். மூன்றாவது உண்மைதான், ஆனால் அதுவே முழுக் காரணம் அல்ல. பலகையின் நிஜமான பலம், ஒலி அறைக்குள் எந்தத் திசையில் போகிறது, எந்தத் திசையில் போகவில்லை என்பதில் இருக்கிறது. அதற்கான விலையை பேஸில் கொடுக்கிறோம். இந்தக் கொடுக்கல் வாங்கலைப் புரிந்துகொள்ளாமல் மரத்தையும் கம்பியையும் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

வரலாற்றில் பலகைதான் மூத்தது. 1925இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் வெளியிட்ட கட்டுரைதான் இன்றைய கூம்பு ஸ்பீக்கருக்கு அடித்தளம். கூம்பைச் சுற்றிப் பலகை வேண்டும் என்ற விஷயம் அதிலேயே இருக்கிறது. பிறகு வந்த வால்வு ரேடியோக்களைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் முதுகு நினைவிருக்கும்: வால்வுகளின் சூடு வெளியேறத் துளையிட்ட அட்டை, அவ்வளவுதான். இலங்கை வானொலியை அந்த ரேடியோக்களில் கேட்டு வளர்ந்த தலைமுறை, பெயர் தெரியாமலே ஓப்பன் பாஃபிளைத்தான் கேட்டது.

பெட்டி மெல்ல மெல்ல வந்தது. பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1932இல் துளை வைத்த பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். 1954இல் எட்கர் வில்ச்சர், முழுதும் அடைத்த சிறு பெட்டிக்குள் இருக்கும் காற்றையே கூம்புக்கு ஸ்பிரிங்காக்கிக் காட்டினார். புத்தக அலமாரியில் அடங்கும் ஒலிபெருக்கி ஆழமான பேஸ் கொடுத்தது. இங்கிலாந்தில் வார்ஃபடேலின் கில்பர்ட் பிரிக்ஸ் அந்தப் பத்தாண்டிலும் பலகையை விடவில்லை. இரண்டு ப்ளைவுட் தகடுகளுக்கு நடுவே உலர்ந்த மணலைக் கொட்டி, அதிராத பலகையாக்கி விற்றார். ஆனால் 1958 வாக்கில் ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தபோது கணக்கு மாறிவிட்டது. ஒரு பெரிய பலகையைக் கூடத்தில் பொறுத்துக்கொண்ட குடும்பம் இரண்டைப் பொறுத்துக்கொள்ளாது. பெட்டியை ஜெயிக்க வைத்தது ஒலித்தரத்தை விட வீட்டு இடம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1957இல் பீட்டர் வாக்கர் கொண்டுவந்த குவாட் மின்னிலை ஒலிபெருக்கி மட்டும் விதிவிலக்காக நின்றது. பெட்டியே இல்லாத மெல்லிய தகடு அது. முன்னும் பின்னும் ஒலிக்கும். பல ஆண்டுகள் குரலின் தெளிவுக்கு அதையே அளவுகோலாகச் சொன்னார்கள்.

இன்றைக்கு வீட்டில் பலகை செய்பவர் எவரானாலும், தெரிந்தோ தெரியாமலோ சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸின் கணக்கைப் பயன்படுத்துகிறார். ஜெர்மனியில் பிறந்து 1961இல் கலிஃபோர்னியாவுக்குப் போய், ஹியூலெட் பேக்கர்டில் அளவிடும் கருவிகளை வடிவமைத்த பொறியாளர் அவர். ஒலிபெருக்கி அவருக்குப் பொழுதுபோக்குதான். அந்தப் பொழுதுபோக்கில்தான் உடன் வேலை பார்த்த ரஸ் ரைலியோடு சேர்ந்து, தாழ்ந்த ஒலிகளை வூஃபருக்கும் உயர்ந்தவற்றை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும், இன்று உலகெங்கும் புழங்கும் லிங்க்விட்ஸ் ரைலி கிராஸ்ஓவர் பிறந்தது. அதைப் பற்றிய அவருடைய கட்டுரை 1976இல் வந்தது. பின்னாளில் ஓரியன், எல்.எக்ஸ். 521 என்ற திறந்த பலகை வடிவங்களை வெளியிட்டார். வரைபடத்தை வாங்கி யாரும் வீட்டில் செய்துகொள்ளலாம். 2018இல் காலமாகும் வரை தன் வடிவங்களைத் தானே குறை சொல்லித் திருத்திக்கொண்டிருந்தார் என்பதை அவருடைய ரசிகர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எல்.எக்ஸ். 521ஐப் பார்த்தாலே அவருடைய முடிவு விளங்கும்: கீழே 10 அங்குல வூஃபர் இரண்டு, அதற்கு மேலே 8 அங்குலம், பிறகு 4 அங்குலம், பிறகு ட்வீட்டர், பலகையோ மேலே போகப் போகக் குறுகிக்கொண்டே போகிறது. ‘பலகை என்றால் அகலமாக இருக்க வேண்டும்’ என்ற நம்பிக்கைக்கு நேர் எதிர். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும்.

60 செ.மீ. அகலமுள்ள பலகையின் நடுவே ஸ்பீக்கர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பின் அலை முன்னுக்கு வர ஏறத்தாழ 30 செ.மீ. கூடுதலாகப் பயணம் செய்ய வேண்டும். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 345 மீட்டர். 575 ஹெர்ட்ஸில் இந்த 30 செ.மீ. அரை அலைநீளம், எதிர்நிலையில் கிளம்பிய அலை அரை அலைநீளம் தாமதித்து வருவதால் முன் அலையோடு ஒத்துப்போய் அங்கே ஒரு மேடு உண்டாகிறது. 1150 ஹெர்ட்ஸில் அது முழு அலைநீளம் என்பதால் பள்ளம். 190 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அதற்குக் கீழே ஒவ்வொரு ஸ்தாயி இறங்கும்போதும் 6 டெசிபெல் போய்விடுகிறது. 40 ஹெர்ட்ஸை எட்டும்போது இழப்பு 14 டெசிபெல். அதை மின்சக்தியால் ஈடுகட்ட வேண்டுமென்றால் 25 மடங்கு வாட் வேண்டும்.

வாட்டையாவது காசு கொடுத்து வாங்கிவிடலாம், கூம்பின் அசைவை வாங்க முடியாது. அடைத்த பெட்டியில் ஒரு ஸ்தாயி கீழே இறங்கி அதே சத்தத்தைக் கொடுக்கக் கூம்பு 4 மடங்கு அதிகமாக அசைய வேண்டும். பலகையில் 8 மடங்கு. ஆகவே ஒரே வழி, கூம்பின் பரப்பைக் கூட்டுவது. 8 அங்குல வூஃபரின் பரப்பைப் போல 15 அங்குல வூஃபருக்கு ஏறத்தாழ 4 மடங்கு உண்டு. பக்கத்துக்கு ஒரு 15 அங்குலம் என்பது ஆரம்பம், இரண்டு இருந்தால் நிம்மதி. ‘செலவு குறைவு’ என்ற பேச்சு இங்கேதான் உடைகிறது. மரத்தில் மிச்சம் பிடித்த பணத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு வூஃபரிலும் ஆம்ப்ளிஃபயரிலும் போய்விடும்.

எந்த வூஃபர் என்பதில் பெட்டிக்காரர்களின் அறிவுரை பலகைக்கு ஆகாது. ஆஸ்திரேலியாவின் நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும் வகுத்துக் கொடுத்த அளவீடுகளில் க்யூ.டி.எஸ். என்று ஒரு எண் உண்டு. காந்தமும் தொங்கலமைப்பும் கூம்பை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கின்றன என்பதை அது சொல்கிறது. பெட்டிக்கு 0.3 முதல் 0.5 வரை இருந்தால் நல்லது என்பார்கள். பலகைக்கு 0.7க்கு மேல் வேண்டும். பிடி தளர்ந்த கூம்பு தன் ஒத்ததிர்வு எண்ணுக்கு அருகே கொஞ்சம் அதிகமாகவே ஒலிக்கும். பலகை பேஸைத் தின்பதும் அதே இடத்தில்தான். ஒரு குறையை இன்னொரு குறை ஈடுகட்டுகிறது. எமினென்ஸ் நிறுவனத்தின் ஆல்ஃபா 15 ஏ வூஃபர் உலகம் முழுக்கப் பலகைக்காரர்களிடம் பேர் வாங்கியதற்கு இதுதான் காரணம்: க்யூ.டி.எஸ். 1.26, ஒத்ததிர்வு 41 ஹெர்ட்ஸ், விலையும் அடக்கம். காந்தத்தின் பருமனைப் பார்த்து வூஃபர் வாங்கும் நம் வழக்கத்துக்கு இது உறுத்தும். சென்னை ரிச்சி தெருவில் மேடைக்கென்று விற்கும் பெரிய காந்த வூஃபரை வாங்கிப் பலகையில் மாட்டினால், குரல் வெடிப்பாக வரும், பேஸ் வராது. கடைக்காரரிடம் அளவீட்டுத் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், கணினியின் ஒலி உள்ளீடும் ஒரு மின்தடையும் இலவச மென்பொருளும் இருந்தால் க்யூவை வீட்டிலேயே அளந்துவிடலாம்.

க்யூவைக் கையால் மாற்றவும் முடியும் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. வூஃபரின் சுருளுக்கு 6 ஓம் மின்தடை இருந்து, தொடரில் 2 ஓம் சேர்த்தால், காந்தத்தின் பிடியைச் சொல்லும் அதன் மின்சார க்யூ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. வால்வு ஆம்ப்ளிஃபயர் பலகையோடு நன்றாகச் சேர்கிறது என்று பலர் சொல்வதற்குப் பின்னால் இந்தச் சாதாரண மின்னியல்தான் இருக்கிறது: அதன் வெளியீட்டு மின்தடை அதிகம். அமெரிக்க ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பாளர் நெல்சன் பாஸ் இந்தத் திசையில் வெகுதூரம் போய், வெளியீட்டு மின்தடையை வேண்டுமென்றே உயர்த்திய ஆம்ப்ளிஃபயர்களையே செய்தார். மலிவான ஒரு மின்தடை செய்யும் வேலையை விலையுயர்ந்த கம்பி செய்வதாக நம்பி வாங்குகிறவர்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பலகையின் வடிவத்துக்கு வருவோம். ஓட்டையைச் சரியாக நடுவில் வெட்டினால் எல்லா விளிம்பும் ஒரே தூரத்தில் இருந்து, மேடும் பள்ளமும் ஒரே இடத்தில் குவியும். சற்றுத் தள்ளி வெட்டினால் அவை பரவிச் சாதுவாகிவிடும். பக்கங்களில் 10, 15 செ.மீ. ஆழத்துக்குச் சிறகு போலப் பலகை சேர்த்தால் பாதை நீள்கிறது, பலகையும் ஆடாமல் நிற்கிறது. வூஃபருக்கு மட்டும் முன்னும் பின்னும் திறந்த கூண்டு செய்து, நடுவே வூஃபரை மாட்டுவது இன்னொரு வழி. மேலிருந்து பார்த்தால் ஆங்கில எச் எழுத்தைப் போல இருக்கும். இடம் சிக்கனம்தான். ஆனால் கூண்டின் குழிவுக்கு ஒரு சொந்தக் குரல் உண்டு. 40 செ.மீ. ஆழக் கூண்டில் பக்கத்துக்கு 20 செ.மீ. குழி, அது 430 ஹெர்ட்ஸில், நடைமுறையில் அதற்கும் கீழே, ஊதத் தொடங்கும். ஆகவே அந்த வூஃபரை 100, 120 ஹெர்ட்ஸோடு நிறுத்திவிட வேண்டும். நடு ஸ்பீக்கரில் எல்லோரும் மறக்கும் ஒன்று: 18 மி.மீ. பலகையில் செங்குத்தாக வெட்டிய ஓட்டை, சிறிய கூம்புக்குப் பின்னால் ஒரு குட்டிக் குழாய். பின்பக்க விளிம்பை ரவுட்டரால் 45 பாகை சாய்த்துச் செதுக்கினால் கூம்பு மூச்சுவிடும்.

இப்போது லிங்க்விட்ஸின் குறுகும் பலகைக்கான காரணம் தெரியும். பலகை எவ்வளவு குறுகலோ, மேடும் பள்ளமும் அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணுக்குத் தள்ளிப் போகும். அதற்குள் அந்த ஸ்பீக்கர் தன் வேலையை முடித்து அடுத்ததிடம் கொடுத்துவிட்டால் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எஞ்சுவது சீரான சரிவு மட்டுமே. சரிவைச் சமன்படுத்த இன்றைக்கு மினிடிஎஸ்பி போன்ற எண்முறைக் கருவிகள் இருக்கின்றன. அவை இல்லாமல், சுருளும் மின்தேக்கியும் மட்டும் கொண்ட பழைய பாணியில் செய்தால் பேஸைக் கூட்ட வழியில்லை, மற்றதைக் குறைக்கத்தான் முடியும். 97 டெசிபெல் திறனுள்ள வூஃபரை வாங்கி, கடைசியில் 90 சொச்சம் டெசிபெல் ஒலிபெருக்கியோடு நிற்போம். எளிமை வேண்டுபவர்களுக்கு அதுவும் ஒரு வழிதான். மாற்றிப் பார்க்கும் ஆசை உள்ளவர்கள் எண்முறைக்குப் போவதே மேல். எந்த வழியானாலும் 25, 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டி கட்டாயம். பெட்டியில் கூம்பைத் தடுக்கக் காற்று இருக்கிறது. பலகையில் அந்தத் தடுப்பு இல்லை; வளைந்த இசைத்தட்டு ஒன்று போதும், கூம்பு எல்லை தாண்டி அடித்துக்கொள்ள.

இவ்வளவு இழந்து எதை வாங்குகிறோம்? முன்னும் பின்னும் ஒலிக்கும் பலகை, பக்கவாட்டில் கிட்டத்தட்ட மௌனமாக இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் அதன் ஒலிப் பரவல் 8 என்ற எண்ணைப் போல இருக்கும். பலகையைச் சற்றுத் திருப்பி அந்த மௌனத்தைப் பக்கச் சுவரின் பக்கம் காட்டலாம். நேரே கேட்பவருக்கு ஒரே சத்தம் போய்ச் சேரும்போது, எல்லாத் திசையிலும் ஒலிக்கும் பெட்டியை விட இது அறைக்குள் கொட்டும் ஒலிச்சக்தி மூன்றில் ஒரு பங்குதான். தாழ்ந்த ஒலிகளில் பெட்டி எல்லாத் திசையிலும் ஒலிப்பதால் இந்த வித்தியாசம் அங்கே முழுதாகக் கிடைக்கிறது. டைல்ஸ் தரை, சிமெண்ட் கூரை, பூச்சுச் சுவர் என்று எதுவும் ஒலியை உறிஞ்சாத நம் வீடுகளில் இது சின்ன விஷயமல்ல. பேஸின் அளவு குறைந்தாலும் அதன் உருவம் தெளிகிறது. ஒரு அடி முடிந்த பிறகே அடுத்த அடி கேட்கிறது. இதைத்தான் பலர் ‘பெட்டி ஓசை இல்லை’ என்று தவறான இடத்தில் வரவு வைக்கிறார்கள்.

அறையும் தன் கட்டணத்தை வசூலிக்கும். பலகை பின்சுவரிலிருந்து குறைந்தது 1 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். அப்போதுதான் பின் அலை சுவரில் பட்டு, 6 மில்லி விநாடி தாமதித்து, தனி எதிரொலியாக ஒதுங்கும். 12 அடி நீள அறையில் இது கால் பங்குக்கு மேல் இடம். அதே அறையில் 47 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெட்டிக்கு அறையே கைகொடுத்து பேஸைத் தூக்கிவிடும், பலகைக்கு அந்த உதவி கிடையாது. 10 அடிப் படுக்கையறை மட்டுமே இருப்பவருக்கு ஓப்பன் பாஃபிள் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நல்ல சிறு பெட்டி அங்கே அதிக சுகம் தரும்.

மாற்றிப் பார்ப்பதற்கு முன் அளக்க வேண்டும், அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பெட்டிக்குச் செய்வது போல மைக்கைக் கூம்புக்கு ஒட்டி வைத்து பேஸை அளந்தால் அற்புதமான வளைவு வரும்; முன் அலையை மட்டும் கேட்கிறோம், அழிவு அதில் பதிவாவதே இல்லை. அறைக்குள் தள்ளி வைத்து அளந்தால் எதிரொலி கலக்கிறது. முதல் எதிரொலிக்கு முந்தைய 5 மில்லி விநாடியை மட்டும் வெட்டி எடுத்தால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் தெரியாது. நமக்கு வேண்டியதோ அதற்குக் கீழே. மொட்டை மாடிதான் இதற்கு விடை. காற்றும் ஹாரனும் அடங்கிய நேரமாகப் பார்த்து, கைப்பிடிச் சுவர்களிலிருந்து விலக்கிப் பலகையை வைத்து அளந்தால், கீழே அறையில் மாதக்கணக்கில் குழம்பியது ஒரு மணி நேரத்தில் தெளியும்.

எந்த மாற்றத்துக்கு எவ்வளவு பலன் என்று கேட்டால் என் வரிசை இது: சுவரிலிருந்து தூரம், வூஃபர்களின் மொத்தப் பரப்பு, சமன்படுத்தல், கிராஸ்ஓவர் அதிர்வெண், ஸ்பீக்கர் பலகையில் இருக்கும் இடம். இவற்றுக்கு வெகு பின்னால்தான் மரத்தின் வகை. பெட்டியின் சுவர் உள்ளே அடைபட்ட அழுத்தத்தைத் தாங்குகிறது. பலகைக்கு அந்தச் சுமை இல்லை, வூஃபர் தள்ளும் எதிர்விசை மட்டும்தான். தேக்கு போட்டாலும் வேம்பு போட்டாலும், பின்னால் முட்டுக் கொடுக்காவிட்டால் ஆடும்; முட்டுக் கொடுத்தால் சாதாரண நீர்தாங்கும் ப்ளைவுட்டே போதும். எம்.டி.எஃப். சீராக வெட்டுப்படும் என்றாலும் மழைக்காலத்தில் விளிம்பு ஊதிக்கொள்ளும், திருகும் தளர்ந்துவிடும். மின்தேக்கியின் பிராண்ட் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. பலகையை 30 செ.மீ. முன்னால் இழுத்தால் கேட்கும் மாற்றம் அதில் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

ஒரு விவாதம் மட்டும் அளவீட்டால் தீரவில்லை. பலகையில் மேடை ஆழமாகத் தெரிகிறது, பாடகர் சுவருக்கு அப்பால் நிற்பது போல இருக்கிறது என்பார்கள். அந்த ஆழத்தில் ஒரு பங்கு ஒலிப்பதிவில் இல்லை. பின்சுவரில் பட்டு வந்த அலை போட்ட பங்கு அது. அது பிழையா, சுவையா? கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்திலும் பிறகு ஹார்மனிலும் பல ஆண்டுகள் கேட்போர் சோதனைகள் நடத்திய ஃப்ளாய்ட் டூல், அறையின் ஆரம்ப எதிரொலிகள் கெடுதல் என்ற பொது நம்பிக்கையை ஏற்கவில்லை. எதிரொலியின் நிறம் நேரொலியோடு ஒத்துப்போனால், குறிப்பாகப் பக்கவாட்டிலிருந்து வந்தால், கேட்பவர்கள் அதைப் பெரும்பாலும் விரும்புகிறார்கள் என்றார். பலகை குறைப்பதோ பக்கவாட்டு எதிரொலியைத்தான். அந்த வகையில் பலகைக்காரர்கள் அவரைத் துணைக்கு அழைப்பது பாதிதான் பொருந்தும். பின்னால் போகும் ஒலியின் நிறம் முன்னால் போவதோடு ஒத்திருக்க வேண்டும் என்ற மறுபாதி மட்டும் வலுவாக நிற்கிறது.

சாதாரண ட்வீட்டரின் முதுகு மூடியே இருக்கும். அதனால் பலகையின் பின்பக்கம் மேல் ஒலிகள் இல்லாமல் மங்கலாகவே ஒலிக்கும். லிங்க்விட்ஸ் ஓரியனுக்கு முதலில் முன் ட்வீட்டர் மட்டும் வைத்து, பிற்பாடு பின்பக்கமும் ஒன்று சேர்த்தார். எல்.எக்ஸ். 521இல் அது ஆரம்பத்திலிருந்தே உண்டு. வெறும் பூச்சுச் சுவரின் முன்னால் அது கூசும் என்று சேர்க்காதவர்களும் இருக்கிறார்கள். பின்சுவர் முழுக்கப் புத்தக அலமாரி உள்ள வீட்டில் அவர்களே மனம் மாறக்கூடும். செய்வதானால் பின் ட்வீட்டரின் இணைப்பை எதிர்முனையாகக் கொடுத்து, உட்காரும் இடத்திலிருந்து எட்டும்படி ஒரு ஸ்விட்ச் வைத்துக்கொள்வது நல்லது. குரலுக்கும் வயலினுக்கும் அதைப் போட்டும் அணைத்தும் கேட்ட பிறகு பின்பக்க ஓட்டையை நிரந்தரமாக வெட்டலாம்.